வலது பக்கத்துப் பெட்டி

ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கும்போது முன்பக்கத்தில் விரல் படக் கூடாது. பார்க்க வருகிறவர்கள் முதல் காரியமாக அங்கேதான் கையை வைப்பார்கள். நீயும் ஒருமுறை வைத்திருக்கிறாய், ரக்ஷனா. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடியில் இரண்டு கையையும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும். என்னுடைய பெட்டி ஐந்து கிலோ எண்ணூறு கிராம்தான், ஒரு கைக்குழந்தையின் கனம். இதை எதற்கு இப்போது சொல்கிறேன் என்று நினைப்பாய். நீ கேட்டிருக்கும் கேள்விக்கும் பெட்டி தூக்குவதற்கும் சம்பந்தம் இருக்கிறது. வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

நேற்று நீ அனுப்பிய செய்தியைப் பல தடவை படித்தேன். "அத்தான், அக்கா பேக்ல உங்க நோட்புக் ஒண்ணு வந்துடுச்சு. மார்ச் நாலாம் தேதி 'வலது +3, கண்மணிக்கு மட்டும்'னு எழுதியிருக்கீங்க. அக்காவுக்குக் காதுல பிராப்ளம்னு நமக்குத் தெரிஞ்சதே ஆகஸ்ட்லதானே? இது என்ன?" அக்காவிடம் காட்டாமல் என்னிடம் கேட்டாய். அந்த மரியாதைக்கு நன்றி. அவள் ஓய்வுக்காகப் புக்கிட் மேராவில் உன் வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகிறது. பிடோக் வீட்டில் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஆகையால் முழுசாகவே எழுதுகிறேன்.

பதினெட்டு வருடம் ஒரு கம்பெனியில் கைபேசிக்குள் இருக்கும் ஸ்பீக்கர்களை அளந்து கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியும். நகத்தளவு ஸ்பீக்கர்கள். அவை பாடாது, கத்தும். கத்துவது சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. கம்பெனி வேறு நாட்டுக்குப் போனதும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்பிருந்தே, மொத்தம் ஒன்பது வருடம், நான் மனதுக்குள் ஒரு பெட்டியைச் செய்துகொண்டிருந்தேன்.

கடையில் விற்கும் ஸ்பீக்கர் எல்லாம் கேட்பவனைக் கொஞ்சம் குஷிப்படுத்தும். அடித்தாளத்தைக் கூட்டும், குரலுக்குப் பளபளப்புத் தரும். ஸ்டூடியோ மானிட்டர் அப்படிச் செய்யக் கூடாது. ஒலியைக் கலந்து சரிசெய்கிறவர்கள் அதை நம்பித்தான் கூட்டுவதும் குறைப்பதும். உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். பெரிய மானிட்டர்கள் சொல்லும். ஆனால் நம் ஊரில் பாதிப் பேர் வீவக அடுக்குமாடி வீட்டில், ஒன்பதடிக்குப் பத்தடி அறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டித்தான் வைக்க முடியும். அப்படி வைத்தால் பின்னால் ஓட்டை உள்ள பெட்டி சுவரில் முட்டி உறுமும். நான் ஓட்டையை முன்பக்கம் கொண்டுவந்தேன். முனைகளை உருட்டினேன், ஒலி ஓரத்தில் இடறாமல் போவதற்கு. ஐந்து அங்குலக் கூம்பு, அதற்கு மேல் உச்ச ஒலிக்கு ஒரு சின்ன ட்வீட்டர். குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள என்று வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் பம் ஷெல்டர் அறையிலிருந்த அரிசி மூட்டையையும் பழைய சூட்கேஸ்களையும் வெளியேற்றிவிட்டு, அந்த இரும்புக் கதவுக்குள் உட்கார்ந்துதான் அறுத்தேன், ஒட்டினேன், மறுபடியும் அறுத்தேன். கண்மணி வாசலில் நின்று, "சண்டை வந்தா நம்ம எங்க ஒளியறது?" என்பாள். நான் சிரிப்பேன். அவை நல்ல வருடங்கள்.

என்னிடம் ஒலியை அளக்கும் மைக் இருந்தது, காது இல்லை. காது உன் அக்காவிடம் இருந்தது. கேம்பல் லேனில் பூக்கடைக்கு மேல்மாடியில் அவள் வைத்திருந்த அந்தச் சின்ன ஸ்டூடியோவுக்கு யார் யாரெல்லாம் வந்து போனார்கள் என்று உனக்கே தெரியும். நாடகம், விளம்பரம், கோயில் பாட்டுத் தொகுப்பு எதுவானாலும் கடைசியில் "கண்மணி கேட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவள் கேட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். என் பெட்டியையும் அவள் கேட்டுக் கேட்டுத்தான் வளர்த்தாள். எல்லாம் சமமாக இருக்கிறது என்று மைக் நேர்கோடு போட்டுக் காட்டினாலும், அவள் முகம் சுளித்தால் நான் ஷெல்டருக்குத் திரும்பிவிடுவேன். விருந்துகளில் என்னைக் கண்மணியின் புருஷன் என்று அறிமுகம் செய்வார்கள். அது எனக்கு வருத்தம் என்று நீ நினைத்துவிடாதே. பழகிவிட்டது.

இப்போது மார்ச் நாலாம் தேதிக்கு வருகிறேன்.

அது கடைசி வடிவம், ஏழாவது ஜோடி. பத்து நாளில், பதினான்காம் தேதி, ஒரு விநியோக நிறுவனத்தின் ஆட்கள் ஒசாகாவிலிருந்து கேட்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் பெட்டி வெளியே போகும். பிடிக்காவிட்டால் ஐம்பத்தொரு வயதில் நான் ஷெல்டருக்குள் இருப்பேன். அன்று காலை பத்தரை மணி. கீழே மல்லிகை தொடுக்கிறவர்கள் ரேடியோவைச் சின்னதாக வைத்திருந்தார்கள். கண்மணிக்காக எப்போதும் அப்படித்தான் வைப்பார்கள்.

நாங்கள் கேட்கும் முறை ஒன்று உண்டு. கண் பார்த்தால் காது கெட்டுவிடும். விலை தெரிந்தால் நன்றாக இருப்பது போல் தோன்றும். அதனால் சிராங்கூன் ரோட்டில் வாங்கிய மெல்லிய கறுப்புத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, பெட்டிகளை அதற்குப் பின்னால் வைப்போம். நானும் பின்னால் நிற்பேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். பின்னால் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியக் கூடாது. நேர்மைக்காக ஏற்படுத்திய முறை அது, அவளே ஏற்படுத்தியது.

ஒரு நிமிடம்கூடப் பாட்டு ஓடவில்லை. "ஷங்கர், ரைட் சைடு கொஞ்சம் டல்லா இருக்கு லா," என்றாள். "மேல எல்லாம் துணி போட்டு மூடின மாதிரி."

நான் ஒன்றும் சொல்லாமல், சத்தம் வராமல், இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்து, பாட்டை மறுபடி போட்டேன். எங்கள் தொழிலில் முதல் சோதனை அதுதான். கோளாறு பெட்டியோடு இடம் மாறினால் பெட்டியில் கோளாறு. மாறாவிட்டால் வேறெங்கோ கோளாறு.

"இப்பவும் அதே ரைட்டுதான்," என்றாள்.

அவள் டீ வாங்கக் கீழே போனபோது மைக்கை நிறுத்தி அளந்தேன். இரண்டும் அரை டெசிபல்கூட வித்தியாசமில்லாமல் ஒன்றாக இருந்தன. அறையை அளந்தேன். அறையும் சரியாக இருந்தது. மிச்சமிருந்தது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். முந்தின வாரம் அவளுக்குச் சளி பிடித்திருந்தது. இரண்டு நாளாக வலது பக்கம் விசில் மாதிரி ஏதோ கேட்கிறது என்று சொல்லிக்கொண்டும் இருந்தாள்.

டீயை என் கையில் கொடுத்து, "என்ன, கண்டுபிடிச்சீங்களா?" என்றாள்.

"வலது ட்வீட்டர்ல சின்னக் கோளாறு. சரி பண்ணிடறேன்," என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, ரக்ஷனா. டீ சூடாக இருந்தது, கப்பை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன், வாய் சொல்லிவிட்டது. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் இப்போது தெரியும். ஒருத்தி தன் காதை வைத்துத்தான் வாழ்கிறாள் என்றால், அவளிடம் போய் உன் காது போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்வதற்கு எந்த வார்த்தையை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பயந்துவிடுவாள் என்று தோன்றியது. அவள் பயந்தால் என்னால் பார்க்க முடியாது.

லேப்டாப்பை இணைத்து, வலது பெட்டியின் உள்சுற்றிலேயே உச்ச ஒலியை மூன்று டெசிபல் கூட்டினேன். அவள் மறுபடி உட்கார்ந்து கேட்டாள். முகம் மலர்ந்தது. "இப்ப சரியா நடுவுல நிக்குது குரல்," என்றாள். பிறகு, கெட்டிக்காரி அல்லவா, "எதுக்கும் ஒரு தடவை மாத்தி வச்சுப் பாத்துடலாம்," என்றாள்.

மாற்றி வைத்தால் மூன்று டெசிபல் அவளுடைய நல்ல காதின் பக்கம் போய்விடும், உடனே கண்டுபிடித்துவிடுவாள். நான் துணிக்குப் பின்னால் வலது பெட்டியைத் தூக்கினேன். அடியில் இரண்டு கையையும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்து. நாலு எட்டு நடந்தேன், பலகை கிறீச்சிடும்படி. திரும்பி நாலு எட்டு நடந்து, தூக்கிய இடத்திலேயே வைத்தேன். இடது பெட்டியையும் அதேபோல் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தேன். "மாத்தியாச்சு," என்றேன்.

அவள் கேட்டுவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான். சூப்பர்," என்றாள்.

நிஜமாக மாற்றியபோது நான் சொல்லவில்லை. மாற்றியாச்சு என்று சொன்னபோது மாற்றவில்லை. இதுதான் நோட்புக்கில் நீ பார்த்த முதல் வரி.

அடுத்த நாள் நான் படித்தேன். ஏதோ ஒன்றிரண்டு பக்கமல்ல, நிறையப் படித்தேன். இப்படித் திடீரென்று ஒரு பக்கக் காது மங்குவது உண்டு என்றும், உடனே மருத்துவரிடம் போனால், முக்கியமாக முதல் இரண்டு வாரத்துக்குள் போனால், மருந்தில் சிலருக்குத் திரும்பி வரும் என்றும் போட்டிருந்தது. சிலருக்கு என்றுதான் போட்டிருந்தது. எல்லாருக்கும் என்று எங்கும் போடவில்லை. அதை நீ கவனிக்க வேண்டும். போனால் சிகிச்சை நேரத்தில் காதுக்கு ஓய்வு கொடு, ஸ்டூடியோவை மூடு என்று சொல்லக்கூடும். பதினான்காம் தேதி அந்த நாற்காலி காலியாக இருக்கும். கண்மணி கேட்டாச்சா என்று அவர்கள் கேட்பார்கள். கேட்டாள், ஆனால் அவளுக்குக் காது சரியில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்பது வருடமும் அந்தக் காதை வைத்துச் செய்தது. பதினான்காம் தேதி முடிந்த கையோடு அழைத்துக்கொண்டு போய்விடலாம், பத்தாம் நாள்தானே ஆகும், இன்னும் நாலு நாள் மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். நியாயமான கணக்குதான் அது.

இதற்கிடையில் அவள் அந்த விசிலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டாள். "உங்க ஆம்ப்ளிஃபையர்லேருந்து வருதா ஷங்கர், சன்னமா, வலது பக்கம்?" என்றாள். ஆமாம், புது ஆம்ப்ளிஃபையரில் கொஞ்சம் இரைச்சல் இருக்கிறது, அடுத்த வாரம் சரிசெய்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் கேட்கிறது என்றாள். நாள் முழுக்கக் கேட்டது காதில் தங்கியிருக்கும், தூங்கினால் போய்விடும் என்றேன். என் துறையில் நான் சொன்னால் அவள் நம்புவாள். அவள் துறையில் அவள் சொன்னால் நான் நம்புவது போலத்தான்.

ஹெட்ஃபோனும் ஒரு தொல்லையாக இருந்தது. அதைப் போட்டால் என் மூன்று டெசிபல் அதற்குள் இருக்காது. காதுப் பஞ்சு தேய்ந்துவிட்டது, மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனேன். அது இன்னும் ஷெல்டரில்தான் இருக்கிறது, பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால். நீ வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

பதினான்காம் தேதி நன்றாக நடந்தது. கண்மணி கீழே போயிருந்த நேரம் பார்த்து ஒசாகாக்காரர்களுக்குக் கூட்டாத ஒரு ஜோடியைப் போட்டேன், ஆறாவது ஜோடியை. அது உள்ளது உள்ளபடி இருந்தது. கண்மணி பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து ஏழாவதைப் போட்டுக் காட்டி, எந்த ஒலியை ஏன் எங்கே வைத்தாள் என்று விளக்கினாள். அவர்கள் பின்னால் தள்ளி நின்றதால் மூன்று டெசிபல் யாருக்கும் உறைக்கவில்லை. அவர்கள் என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார்கள். என்னைப் பார்த்து. அன்று மதியம் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில் அவர்கள் மூன்று பேருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அவளும் வந்தாள். அந்தக் கூட்டத்தில் வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர் பேசியதற்கு இரண்டு தடவை "சாரி?" என்றாள். தேக்கா இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும்?

மறுநாள் சொல்லியிருக்கலாம். அதைத்தான் நீ கேட்பாய். மறுநாள் அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள். அதற்கு மறுநாள் ஒப்பந்தத்தின் முதல் வரைவு வந்தது, அதில் அவள் பெயரும் இருந்தது, ஒலிப் பரிசோதனை என்ற இடத்தில். மூன்றாம் நாள் நோட்புக்கில் நாலரை என்று எழுதியிருப்பேன், பார். கூட்டாவிட்டால் அவள் மறுபடி டல் என்று சொல்லிவிடுவாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அது கூடிக்கொண்டுதான் போகும். எனக்கு வேறு வழி தெரியவில்லை, ரக்ஷனா. ஒரு பக்கம் இறங்க இறங்க இன்னொரு பக்கம் ஏற்றிக்கொண்டே இருப்பது மட்டும்தான் என் கைக்குத் தெரிந்தது.

பத்தொன்பதாம் தேதி காலை எழுந்தபோது நெஞ்சில் ஏதோ இறங்கியது போல ஒரு நிம்மதி. பல் தேய்க்கும்போதுதான் காரணம் புரிந்தது. இரண்டு வாரம் முடிந்துவிட்டது. இனிமேல் சொல்லியும் பயனில்லை. அவளை வீணாக வருத்தப்படுத்துவதில் என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு வேலை சுலபமாக இல்லை. ஏப்ரலில் ஆறு, மே மாதம் ஒன்பது, ஜூலையில் பதினான்கு. பதினான்கு டெசிபலை அந்தச் சின்ன ட்வீட்டர் தாங்காது, எரிந்துவிடும். ஆகவே அவள் தினமும் வேலை செய்யும் அந்த ஏழாவது ஜோடியின் வலது பெட்டிக்கு மட்டும் வேறு ட்வீட்டர் தேடினேன். வேறு சுருள், வேறு குளிர்விப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்படி முகத்தைச் செதுக்கினேன். ஒவ்வொரு வாரமும் அவள் சொல்லும் சின்னச் சின்னக் குறையை வைத்து, அவள் காது எந்த இடத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணித்து, அதை அப்படியே தலைகீழாக்கிப் பெட்டிக்குள் வைத்தேன். ஒரு மருத்துவரின் துணை இல்லாமல், ஒரு கேள்விகூட நேராகக் கேட்காமல். அவள் வேலையில் அந்த ஐந்து மாதமும் ஒரு புகார்கூட வரவில்லை. நான் செய்ததிலேயே துல்லியமான பெட்டி அதுதான். அதை யாரிடமும் காட்ட முடியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அவ்வளவு உச்ச ஒலியை அவள் வலது காதுக்கு நேராகத் தினமும் ஆறேழு மணி நேரம் அடித்தது மிச்சமிருந்ததையும் கெடுத்திருக்குமா என்று நீ கேட்டால், இருக்கலாம் என்றுதான் சொல்வேன். அளந்து பார்க்கவில்லை.

ஆகஸ்டில் நஸீஹா அவளைத் தன் ஸ்டூடியோவுக்கு ஒருநாள் வேலைக்குக் கூப்பிட்டாள். நான் போக வேண்டாம் என்றேன். தோழி கூப்பிட்டால் எப்படிப் போகாமல் இருப்பது என்று போய்விட்டாள். அங்கே உட்கார்ந்ததும், "உன் ரைட் ஸ்பீக்கர் செத்துப் போச்சு நஸீஹா," என்றாளாம். நஸீஹா எழுந்து இரண்டையும் மாற்றி வைத்தாள். அவள் நிஜமாகவே மாற்றி வைத்தாள். அப்போதும் கண்மணிக்கு வலதுதான் செத்திருந்தது. நஸீஹா எனக்குப் போன் செய்து சொன்னாள். போய் அழைத்துக்கொண்டு வந்தேன்.

மருத்துவமனையில் நீயும் கூட இருந்தாய். வலது காதில் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்னார்கள். எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டதற்கு, "இப்பத்தான், ரெண்டு மூணு நாளா," என்றாள். உண்மையிலேயே அவளுக்கு அப்படித்தான். மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, இது மாதக்கணக்கில் ஆகியிருக்கும் போலிருக்கிறதே என்றார். நீ அப்போது என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் கவனித்தேன்.

நீ கவனிக்காதது ஒன்று இருக்கிறது. நீ மருந்து வாங்க வரிசையில் நின்றபோது அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாசக்கணக்குன்னா, உங்க பெட்டியை நான் செத்த காதை வச்சுத்தானே ட்யூன் பண்ணியிருக்கேன்? உங்க ஒன்பது வருஷத்தைக் கெடுத்துட்டேனே ஷங்கர். மன்னிச்சுடுங்க," என்றாள். அவள் கண்ணில் நீர் நின்றது. என்ன சொல்ல முடியும், அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில்? "பரவாயில்லை," என்றேன்.

அதனால் நான் அவளிடம் மறைத்தேன், இன்னும் மறைக்கிறேன் என்று நீ நினைத்தால் அது சரியல்ல. சொல்லிவிட்டேன். அன்றைக்கே சொல்லிவிட்டேன். நீ வேலைக்குப் போய்விட்டாய், நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் பிடோக்குக்குத் திரும்பினோம். மேல்தளத்தில் இடதுபக்க ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். இடது காதில் இயர்ஃபோனைச் சொருகிக்கொண்டு, தான் கலந்த பழைய நாடகம் ஒன்றின் பாட்டைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்தேன். காலாங் தாண்டும்போது தொடங்கினேன். டீ, மூன்று டெசிபல், மாற்றி வைக்காத பெட்டி, விசில், ஹெட்ஃபோன், பத்தொன்பதாம் தேதி, எல்லாவற்றையும் தேதியோடு, பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்காத குரலில் சொன்னேன். ஒன்றைக்கூட விடவில்லை. பிடோக் வருவதற்குள் முடித்துவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. படியிறங்கும்போது தடுமாறாமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொண்டாள், வீடு வரைக்கும் விடவில்லை. அவள் மன்னித்துவிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.